14 நாள் கடந்து வந்த ஸ்பீடிங் நோட்டீஸைக் கிழித்துப் போடலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். மார்ச் 3ஆம் தேதி மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள ரோட்டில் 38ல் போனதாக மார்ச் 27ல்தான் கடிதம் வந்தது. கார் என் கம்பெனி லீஸுக்கு எடுத்துக் கொடுத்தது. 14 நாளைக்குள் வராத நோட்டீஸ் செல்லாது, கிழித்துப் போடு என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேமராவில் சிக்கினால் 14 நாளைக்குள் நோட்டீஸ் கைக்கு வந்தாக வேண்டும். குற்றம் நடந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, மார்ச் 17 கடைசி நாள். காலத்தோடு தபாலில் போட்டுவிட்டோம் என்று போலீஸ் சொன்னால் மட்டும் போதாது. 2009ல் கிடன் என்பவரின் வழக்கில், தாமதமாகக் கிடைத்த நோட்டீஸ் செல்லாது என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் தாமதத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். அதனால் கடிதம் வந்த உறையைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது மீதிப் பாதி. அந்த 14 நாள், காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும் முதல் நோட்டீஸுக்கு மட்டும்தான். உங்கள் கார் பெரும்பாலும் லீஸ் கம்பெனி பெயரில் இருக்கும். போலீஸ் அவர்களுக்கு எழுதி, அவர்கள் உங்கள் கம்பெனியைக் காட்டி, கம்பெனி உங்களைக் காட்டி, அப்புறம்தான் கடிதம் உங்கள் வீட்டுக் கதவுக்குள் விழுந்திருக்கிறது. முதல் கடிதம் லீஸ் கம்பெனிக்கு என்றைக்குக் கிடைத்தது என்று கம்பெனியில் வாகனங்களைப் பார்ப்பவரிடம் கேளுங்கள். மார்ச் 10, 12 என்றால் 14 நாள் வாதத்தை மறந்துவிடுங்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: வீடு மாறிவிட்டு லாக் புக்கில் (காரின் பதிவுச் சான்றிதழில்) முகவரி மாற்றாதவர்களுக்கு இந்தச் சலுகை கைகொடுக்காது.

நோட்டீஸ் தாமதம்தான் என்றாலும், யார் ஓட்டியது என்ற கேள்விக்கு 28 நாளைக்குள் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பிவிடுங்கள். பேசாமல் இருப்பது தனிக் குற்றம்: லைசன்ஸில் 6 தண்டனைப் பாயின்ட், 1,000 பவுண்ட் வரை அபராதம். ஸ்பீடிங்குக்கோ சாதாரணமாக 3 பாயின்ட், 100 பவுண்ட்தான். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு அந்த 6 பாயின்ட்டே லைசன்ஸைப் பறித்துவிடும். தபால் நிலையத்தில் கேட்டால் அனுப்பியதற்கான ரசீது இலவசமாகவே தருவார்கள்.

இன்னொரு கெடு, ஆறு மாதம். செப்டம்பர் 3க்குள் போலீஸ் வழக்கைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் போதும்; அந்தக் காகிதம் செப்டம்பர் கடைசியில் உங்களுக்கு வந்தாலும் வழக்கு செல்லும். 38 என்பது வழக்கமாக வேக விழிப்புணர்வு வகுப்புக்கு உட்பட்ட வேகம். கடந்த மூன்று வருடத்தில் இப்படியொரு வகுப்புக்கு நீங்கள் போகாதிருந்து, போலீஸும் அழைத்தால் போய்விடுங்கள். கட்டணம் உண்டு, பாயின்ட் கிடையாது.

“ஊரிலிருந்து வந்த மாமாதான் ஓட்டினார்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொய்க்கு ஆறு மாதக் கெடு கிடையாது. பின்னாளில் பிரிட்டன் அமைச்சரான கிறிஸ் ஹூன், 2003ல் தன் ஸ்பீடிங் பாயின்ட்டை மனைவி ஏற்றுக்கொள்ளும்படி செய்தார். பத்து வருடம் கழித்து, 2013ல், இருவருக்கும் எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.