த்ராட்டிலைத் தொடவே இல்லை, ஆனாலும் வேகமாக ஓட்டினால் ட்ரோன் இறங்குவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ட்ரோன் தானே உயரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆல்டிட்யூட் ஹோல்ட் மோடில் கையால் ஓட்டுகிறீர்கள். ஏற்றி இறக்கும் த்ராட்டில் ஸ்டிக் நடுவில் நிற்கிறது. மற்ற ஸ்டிக்கை முன்பக்கம் முழுக்கத் தள்ளினால் நாலைந்து மீட்டர் இறங்குகிறது, விட்டால் துள்ளிக்கொண்டு மேலே வருகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா என்கிறீர்கள்.

மாற்றாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையாவது. இதே தொல்லை வந்தபோது நான் மாற்றினேன். நான்கு மோட்டார், அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு ஈஎஸ்சி, ப்ரொப்பெல்லர் எல்லாம். புது மோட்டாரோடும் அதே ஆறு மீட்டர் இறங்கியது, இன்னும் கொஞ்சம் அமைதியான சத்தத்தில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மேனுவல் என்றால் அக்ரோ, அதில் உயரத்தைப் பிடிப்பது உன் கைதான்" என்று யாராவது வரத்தான் போகிறார்கள். தெரியும். அக்ரோ என்ற முழுக் கைமுறை மோடிலும், சாய்வை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஆங்கிள் மோடிலும் ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் உயரத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. சாய்த்தால் த்ராட்டிலை ஏற்ற வேண்டியது ஓட்டுபவரின் பொறுப்பு. ஆனால் கேள்வி கேட்டவர் அந்த மோடில் இல்லை. உயரத்தைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட மோடில் இருக்கிறார். அதில் இறங்கினால் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு.

என் கதைக்கு வருகிறேன். நானே கட்டிய குவாட், அதாவது நான்கு ப்ரொப்பெல்லர் ட்ரோன். ஆர்டுபைலட் மென்பொருள் ஓடும் ஃப்ளைட் கன்ட்ரோலர், ஹோவருக்கு, அதாவது ஒரே இடத்தில் மிதக்க, 40 சதவீத த்ராட்டில்கூட வாங்காது. பல மாதம் ஒழுங்காகப் பறந்தது. ஒருநாள் விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது தரையை நோக்கி அப்படியே அமர்ந்துகொண்டே போனது. குத்துவதுபோல் இல்லை, லிஃப்ட் இறங்குவதுபோல் நிதானமாக. பதறி ஸ்டிக்கை விட்டேன். நின்றது, உடனே மேலே எம்பியது.

எங்கள் பறக்கும் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்: "தம்பி, கை இன்னும் பழகணும்." என் கட்டைவிரல் தெரியாமல் த்ராட்டிலை இழுக்கிறதாம். இரண்டு மாதம் அதை நம்பினேன். ஸ்டிக்கின் ஸ்பிரிங்கை இறுக்கினேன். ஸ்டிக்கின் லேசான அசைவைக் கண்டுகொள்ளாத டெட்சோனை அகலமாக்கினேன். ரிமோட்டின் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ட்ரோன் எங்கே போகிறதென்று தெரியாமல் ஒருமுறை மரத்தில் மாட்டினேன். அதற்கும் கைதான் காரணம் என்றார். அதில் மட்டும் அவர் சொன்னது சரி.

அடுத்து வந்தது விசை போதவில்லை என்ற கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை, உங்கள் ட்ரோனுக்குப் பொருந்தவும் கூடும். ட்ரோன் முன்னால் போக வேண்டுமென்றால் சாய்ந்தாக வேண்டும், சாய்ந்தால் தூக்கும் விசையில் ஒரு பங்கு முன்னால் தள்ளும் வேலைக்குப் போய்விடும். 30 டிகிரி சாய்வில் அதே உயரத்தில் நிற்க 15 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். 45 டிகிரியில் 41 சதவீதம். 60 டிகிரியில் இரண்டு மடங்கு. இந்தக் கூடுதலை கன்ட்ரோலர் தானே கொடுத்துவிடும், கொடுக்க இடம் இருந்தால். ஹோவரிலேயே 70 சதவீதம் விழுங்கும் கனமான ட்ரோனில் அந்த இடம் இருக்காது. வேகம் கூடும்போது மேலிருந்து ப்ரொப்பெல்லருக்குள் பாயும் காற்றும் விசையைக் குறைக்கும். மூக்கு குனிந்த தட்டையான உடலைக் காற்று கீழ்நோக்கி அழுத்தும். பாட்டரி வோல்ட்டேஜ் வேறு சரியும். மோட்டார்கள் உச்சத்தை முட்டியதும் கன்ட்ரோலர் கவிழாமல் நிற்பதையே முதலில் பார்க்கும், உயரத்தை விட்டுக்கொடுக்கும். அது சரியான முடிவுதான்.

பாட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் என்னிடம் இருந்த நல்ல பாட்டரி ஒன்றை நண்பர் ஒருவர் இரவல் வாங்கிப் போனார். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது ஒரு செல் 2.9 வோல்ட்டில் கிடந்தது, பக்கவாட்டில் லேசாக உப்பியும் இருந்தது. "ஓட்டி முடிச்சு அப்படியே வெச்சுட்டேன்" என்றார். லிப்போ பாட்டரியை அப்படியே வைக்கக் கூடாது, செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கத்தில் கொண்டுவந்துதான் வைக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! புத்தகத்தை இரவல் கொடுத்தாலாவது கிழிந்து வரும், வீங்கி வராது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆனால் குழுவில் சிலர் "உன் பாட்டரிகளே சரியில்லையே" என்று அதை வைத்தே என் வாயை அடைத்தார்கள் என்பதால் சொல்கிறேன்.

கடைசியில் ஒரு மழைநாளில், பறக்க வழியில்லாமல், ட்ரோன் பறந்தபோது பதிவுசெய்துவைத்த லாக்கைத் திறந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, ஒப்புக்கொள்கிறேன். மூன்று கோடுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்: கன்ட்ரோலர் விரும்பிய உயரம், பாரோமீட்டர் சொன்ன உயரம், ஜிபிஎஸ் சொன்ன உயரம். முதல் இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோல் நேராக ஓடின. ஜிபிஎஸ் கோடு மட்டும் எட்டு விநாடியில் ஆறு மீட்டர் சரிந்திருந்தது. மோட்டார் அவுட்புட்டைப் பார்த்தால் உச்சத்தின் பக்கம்கூடப் போகவில்லை. வேகம் எடுக்கும்போது குறைந்திருந்தது. ட்ரோன் தானாகவே இறங்கியிருக்கிறது. அதன் கணக்கில் அது இறங்கவே இல்லை, மேலே ஏறப் பார்த்ததைச் சரிசெய்துகொண்டிருந்தது.

பாரோமீட்டர் அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. கடல் மட்டத்தை ஒட்டிய உயரங்களில் சுமார் 12 பாஸ்கல் குறைந்தால் ஒரு மீட்டர் ஏறிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் மோதும் காற்றின் அழுத்தமோ 120 பாஸ்கல், அதாவது பத்து மீட்டருக்குச் சமம். அந்தக் காற்று சென்சாரை நேராக முட்டினால் அழுத்தம் கூடும், ட்ரோன் தாழ்ந்துவிட்டதாக நினைத்து ஏறும். மேலே உரசி உறிஞ்சிக்கொண்டு போனால் அழுத்தம் குறையும், உயர்ந்துவிட்டதாக நினைத்து இறங்கும். நின்றதும் உறிஞ்சல் நின்றுவிடும். "அய்யோ, ஆறு மீட்டர் கீழே இருக்கிறோம்" என்று அப்போதுதான் அதற்குத் தெரியவரும். அந்தத் துள்ளல் இதுதான். உங்கள் கேள்வியில் துள்ளல் என்ற வார்த்தையைப் பார்த்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

என் விஷயத்தில் காரணம் வெட்கக்கேடானது. ஜிபிஎஸ் வயரை மாற்றுவதற்காக கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றியிருந்தேன். உள்ளே சென்சார் மேல் இருந்த சின்ன ஸ்பாஞ்சுத் துண்டும் அதோடு போய்விட்டது. மூடியைப் பிறகு போடலாம் என்று விட்டேன். மூடி கழன்ற வாரமும் கோளாறு தொடங்கிய வாரமும் ஒன்றே. எனக்குத்தான் உறைக்கவில்லை.

காற்று நுழையக்கூடிய மென்மையான ஸ்பாஞ்சை அழுத்தாமல் வைத்து, மூடியைப் போட்டேன். காற்றே போகாதபடி அடைத்துவிடாதீர்கள். உள்ளே சூடேறினால் அழுத்தம் மாறி வேறு பொய் சொல்லும். ஸ்பாஞ்சு கருப்பாக இருந்தால் நல்லது, சில பாரோமீட்டர் சிப்புகள் வெயில் நேரடியாகப் பட்டாலும் தடுமாறும். ஆறு மீட்டர் ஒரு மீட்டராகக் குறைந்தது. எனக்கு அதுவே போதும். மீதியையும் ஒழிக்க நினைப்பவர்களுக்கு ஆர்டுபைலட், அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான பிஎக்ஸ்4 இரண்டிலுமே காற்றோட்டத்துக்கான பாரோ திருத்தம் இருக்கிறது, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி எண்ணாக. காற்றை எதிர்த்துப் போகிறோமா என்பதை ட்ரோன் தானே கணிக்க, முன்னதாக டிராக் (காற்றுத் தடை) அளவுகளையும் கொடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

உயர வித்தியாசத்தை எவ்வளவு தீவிரமாகத் திருத்துவது என்று சொல்லும் ஆல்டிட்யூட் கெயினை மட்டும் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். பொய்யான எண்ணை இன்னும் விசுவாசமாகத் துரத்தியதுதான் மிச்சம்.

நல்ல உயரத்தில், தடையில்லாத இடத்தில், ஒரே நேர்க்கோட்டில் மெதுவாக ஒருமுறை, நடுத்தர வேகத்தில் ஒருமுறை, முழு வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு லாக்கைப் பாருங்கள். பாரோ கோடும் சேர்ந்து இறங்கி, மோட்டார் உச்சத்தில் முட்டி நின்றால் விசை போதவில்லை. எடையைக் குறையுங்கள், அல்லது சாய்வின் வரம்பைக் குறையுங்கள். பாரோ நேராக இருந்து ஜிபிஎஸ் மட்டும் இறங்கினால் ஸ்பாஞ்சைத் தேடுங்கள். ஜிபிஎஸ் உயரமும் அரிச்சந்திரன் இல்லை, நிமிடக் கணக்கில் அதுவும் அலையும். ஆனால் பத்து விநாடிக்குள் நடக்கும் சரிவைக் காட்டிக்கொடுக்க அது போதும். நான் பொறியாளர் இல்லை, என் ட்ரோனில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூத்தவரிடம் லாக்கைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இருந்தாலும் தம்பி, கையும் பழகணும்" என்றார். முன்னால் ஓட்டும்போது இப்போது தொல்லை இல்லை. பின்பக்கமாக வேகமாக ஓட்டினால் இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறத்தான் செய்கிறது. நான் பின்பக்கமாக ஓட்டுவதில்லை, விட்டுவிட்டேன்.