பள்ளியில் நடந்ததைச் சொல்ல மறுக்கிறானா என் மகன்?

கேள்வி: என் 7 வயது மகனுக்கு ஆட்டிசம் உள்ளது. சிறு வாக்கியங்கள் பேசுவான். பள்ளி விட்டு வந்ததும், “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் அதையே திருப்பிச் சொல்கிறான், மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுகிறான். எதையாவது மறைக்கிறானோ? – வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மறைக்கிறான் என்று எண்ண வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு முழு நாளை நினைவிலிருந்து எடுத்து, அதில் அம்மாவுக்குத் தெரியாதது எது என்று ஊகித்து, வரிசைப்படுத்திச் சொல்லாக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சரளமாகப் பேசுபவர்கள் பலருக்கும் இது கடினமே. கேள்வியைத் திருப்பிச் சொல்வது அலட்சியமன்று. பதில் தேட அவன் எடுத்துக்கொள்ளும் அவகாசமாகவும் இருக்கலாம்.

வேனிலிருந்து இறங்கியவுடன் கேட்காதீர்கள். சீருடை மாற்றி, தட்டுவடை செட்டோ வேறெதுவோ சாப்பிட்டு அமைதியான பிறகு, உங்கள் நாளை முதலில் நீங்கள் சொல்லுங்கள்: “அம்மா உழவர் சந்தைக்குப் போனேன். மழை வந்துச்சு. நனைஞ்சுட்டேன்.” பிறகு, ஆசிரியை அனுப்பிய ஒரு புகைப்படத்தைக் காட்டி, “மணல்ல விளையாடியிருக்க” என்று மட்டும் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். புகைப்படம் இயலாதென்றால், அன்று நடந்த ஒன்றை டைரியில் ஒரு வரி எழுதித் தரும்படி ஆசிரியையிடம் கேளுங்கள். (நம் பள்ளி டைரிகளில் புகாரைத் தவிர வேறெதுவும் இடம்பெறுவது அபூர்வம் என்பதால், வற்புறுத்தித்தான் கேட்க வேண்டியிருக்கும்.)

நடந்தது உங்களுக்கும் தெரிந்திருந்தால், அவன் தடுமாறுமிடத்தில் சொல் எடுத்துக் கொடுக்கலாம். விடுமுறையில் ஏற்காடு போனால் பேருந்து, கொண்டை ஊசி வளைவு, ஏரிப் படகு என மூன்று படங்கள் எடுத்து, உடன் வராத தாத்தாவிடம் அவற்றை வரிசையாக வைத்துச் சொல்லச் செய்யுங்கள். படம் காட்டினால் பேச்சு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

இரவு படுக்கையில் அவன் திடீரென, “கைய உள்ள வை” என்று சொன்னால், அது வேனில் யாரோ அதட்டியதன் எதிரொலியாக இருக்கக்கூடும். அன்றைய செய்தியை அவன் அப்படித்தான் சொல்கிறான். “வேன்ல சொன்னாங்களா?” என்று மெதுவாகக் கேளுங்கள், தலையசைத்தாலும் அது பதிலே.

செவித்திறன் பரிசோதனை இதுவரை செய்யாவிட்டால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகுங்கள். இருந்த பேச்சு குறைந்தாலோ, பள்ளி என்றாலே மிரண்டாலோ, காரணம் தெரியாத காயம் இருந்தாலோ, அவன் வாய் திறக்கட்டும் என்று காத்திராமல், பள்ளியில் நேரில் விசாரித்து, குழந்தைநல மருத்துவரிடமும் உடனே காட்டுங்கள்.