டோக்கியோல இருந்து ஒரே நாள்ல போய் வெந்நீர்ல குளிக்கிற குரங்குகள பாத்துட்டு வர முடியுமா? அம்மாவும் வராங்க, அவங்களால நடக்க முடியுமா?

தாராளமா முடியும். ஆனா எந்த மாசம் போறீங்கன்னு சொல்லவே இல்லயே, எல்லாமே அதுலதான் இருக்கு. ஜனவரி, பிப்ரவரின்னா யோசிக்காம கெளம்புங்க. மத்த மாசம்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன், ஏன்னா அதுங்க தண்ணில எறங்குறதே குளிருக்காகத்தான், வெயில் காலத்துல குளத்தோரமா உக்காந்து பேன் பாத்துட்டு இருக்கும், அதப் பாக்க ஷின்கான்சென் (புல்லட் ட்ரெயின்) டிக்கெட் காசு கொடுக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எடம் பேரு ஜிகொகுதானி குரங்கு பார்க், நாகானோ மாகாணத்துல 850 மீட்டர் உயரத்துல இருக்கு. டோக்கியோ ஸ்டேஷன்ல ஹொகுரிகு ஷின்கான்சென் ஏறுனா ஒன்றரை மணி நேரம் போல ஆகும் நாகானோ வர, அங்க கிழக்கு வாசல்ல இருந்து நேரடி பஸ் இருக்கு, முக்கால் மணி நேரத்துல பார்க் பஸ் ஸ்டாப்ல விட்டுடுவான். ட்ரெயின்தான் புடிக்கும்னா நாகானோ டென்டெட்சு லைன்ல யுதானகா வரைக்கும் போய் அங்கருந்து பஸ் மாறலாம். ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வேயோட டூரிஸ்ட் பாஸ்) கையில இருந்தாலும் அந்த லைன்ல செல்லாது, அது தனியார் கம்பெனி.

அம்மா விஷயம். பஸ் ஸ்டாப்ல எறங்குனதும் குரங்கு வந்து நிக்காது, காட்டுக்குள்ள நடக்கணும், பாதை மட்டும் 1.6 கிலோமீட்டர். ஆரம்பத்துல ஒரு ஏத்தம், கடைசில படிக்கட்டு, நடுவுல பூரா பெரிய பெரிய மரத்துக்கு நடுவுல சமமாத்தான் போகும், மூச்சு வாங்குற பாதையெல்லாம் இல்ல. பிரச்சனை என்னன்னா ஜனங்க நடந்து நடந்து பனி அழுந்தி கண்ணாடி மாதிரி வழுக்கும். பாதை ஆரம்பிக்கிற எடத்துல கடைல பனி பூட்ஸ் வாடகைக்கு தராங்க, அம்மாவுக்கு அத வாங்கி மாட்டிவிட்டுடுங்க, புடவைல வரணும்னு அடம் புடிச்சாங்கன்னா உள்ள தெர்மல் பேன்ட் போட்டே ஆகணும். மெதுவா போனா முக்கால் மணி நேரம். முட்டி வலி ஜாஸ்தின்னா யோசிங்க, பனி காலத்துல பக்கத்துல வரைக்கும் கார் போற ரோட மூடிடுவாங்க.

நெறைய பேர் இது நிஜமாவே காட்டுக் குரங்கான்னு கேப்பாங்க. வேலி கெடையாது, கூண்டு கெடையாது, காலைல மலையில இருந்து எறங்கி வரும், சாயங்காலம் தானா போயிடும். ஆனா சும்மா வரல, பார்க் ஆளுங்க பார்லி மாதிரி தானியம் போடுறாங்க, அதுக்குத்தான் வருது. பழைய கதைய பாத்தா பழத்தோட்டத்துல பூந்து நாசம் பண்ணுதுன்னு விவசாயிங்க கடுப்பான காலத்துல, இதுங்கள இங்கயே தானியம் போட்டு நிறுத்திக்கிட்டாங்க, பக்கத்துல கோராகுகன்னு ஒரு சத்திரம், அங்க மனுஷங்க குளிக்கிற வெந்நீர் தொட்டிலயே எறங்க ஆரம்பிச்சிடுச்சுங்க, அது சரிப்படாதுன்னு குரங்குக்குன்னே தனியா ஒரு குளம் கட்டுனாங்க. 1964ல பார்க் தொறந்தது. 1970 ஜனவரில லைஃப் பத்திரிகை அட்டைல தலைல பனியோட ஒரு குரங்கு வந்ததுக்கப்புறம் உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. அதனால நிஜமாவே காட்டுக் குரங்குதான், ஆனா சம்பளம் வாங்குற காட்டுக் குரங்கு. என்னைப் பொறுத்தவரைக்கும் அதுல ஒண்ணும் தப்பில்ல.

போனதும் எல்லாரும் குளத்த சுத்தி போன நீட்டிட்டு நிப்பாங்க, பத்து நிமிஷத்துல திரும்பிடுவாங்க. நீங்க அப்படி பண்ணாதீங்க, ஏதாவது ஒரு குரங்க மட்டும் புடிச்சு பாத்துட்டே நில்லுங்க. நான் பாத்த ஒரு தாய்க்குரங்கு கழுத்து வரைக்கும் முங்கி கண்ண மூடிட்டு இருந்துச்சு, மூஞ்சி செக்கச்செவேல்னு, புருவ முடில பனித்துளி கெட்டியா தொங்குது, குட்டி காத புடிச்சு இழுக்குது, அது கண்டுக்கவே இல்ல. வேற ஒரு பெருசு கரைல வந்து நின்னுச்சு பாருங்க, சத்தமில்ல, பல்லக் காட்டல, ஓரத்துல இருந்த ரெண்டு குரங்கு சத்தம் போடாம எந்திரிச்சு எடத்த விட்டுடுச்சு, திண்ணைல பெரியவர் வந்தா நகந்துக்குற மாதிரியே. கியோட்டோ பல்கலைக்கழக ஆளுங்க இத ஆராய்ச்சி பண்ணி 2018ல எழுதிருக்காங்க, 12 பெண் குரங்குகளோட சாணிய எடுத்து டெஸ்ட் பண்ணதுல, குளிர் காலத்துல குளிச்சப்போ மன அழுத்த ஹார்மோன் கொறயுதாம், அந்தஸ்து ஒசந்த பொண்ணுங்கதான் அதிக நேரம் தண்ணில கெடக்குதாம். ஆம்பளைங்க அவ்வளவா எறங்குறதில்ல.

தொடக்கூடாது, தின்ன எதுவும் தரக்கூடாது, கண்ணுக்குள்ள உத்துப் பாக்கக்கூடாது (அது சண்டைக்கு கூப்புடுற மாதிரி), செல்ஃபி ஸ்டிக் தடை. நம்மூர் கோயில் குரங்கு மாதிரி பைய புடுங்கும்னு பயப்பட வேணாம், காலடிலயே நடந்து போகும், நம்மள ஒரு மரம் மாதிரிதான் மதிக்கும். அதுக்காக பிஸ்கட் பாக்கெட்ட கையில வெச்சுட்டு நிக்காதீங்க.

குளிர் காலத்துல 9 மணிக்கு தொறந்து 4 மணிக்கு மூடிடுவாங்க, அதனால டோக்கியோல ஏழு மணி வாக்குல ட்ரெயின் புடிச்சிடுங்க. சாப்பாடு நாகானோ ஸ்டேஷன் பக்கமே முடிச்சிடலாம், சைவம்னா சோபா நூடுல்ஸ் கடைல கவனம், சாறுல மீன் இருக்கும், அதுக்கு ஓயாகி வாங்குங்க, பூசணிக்கா, கீரையெல்லாம் உள்ள வெச்ச உருண்டை, இருந்தாலும் உள்ள என்னன்னு ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. ஒருவேள டிக்கெட் ஏற்கனவே அக்டோபர்ல போட்டுட்டீங்கன்னா, எலையுதிர் காலத்துல மலைலயே தீனி கெடச்சு குரங்கு சில நாள் எறங்கவே எறங்காது, அன்னிக்கு காலைலயே பார்க் வெப்சைட்ல ஒரு தடவ பாத்துட்டு, வரலன்னு போட்டிருந்தா அம்மாவ கூட்டிட்டு நாகானோல இருக்குற ஜென்கோஜி கோயிலுக்குப் போயிடுங்க.