சுங்கை சிப்புட்டிலிருந்து லாங்இயர்பியன் ஆகாயக் கப்பல் மியூசியம் போவது தகுமா?

மலேசிய ரப்பர் எஸ்டேட்டிலிருந்து துருவத்துக்கா என்று வீட்டில் சிரிக்கிறார்கள், பிள்ளைகளோடு போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். லாங்இயர்பியன், வட துருவத்துக்குப் பக்கத்தில் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிற ஊர். அந்த மியூசியத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், செலவு கட்டாது. நோர்வே போகிற திட்டம் ஏற்கெனவே இருந்தால் தாராளமாகப் போங்கள், தம்பி.

அமெரிக்கப் பத்திரிகையாளர் வெல்மேனின் 'அமெரிக்கா', 1926-இன் 'நோர்கே', 1928-இன் 'இத்தாலியா' என மூன்று ஆகாயக் கப்பல்களின் (வாயு நிரப்பி எஞ்சினால் ஓட்டும் பெரிய பலூன்கள்) கதை அங்கே இருக்கிறது. நோர்கே 106 மீட்டர் நீளம். ரப்பர் பூசிய துணிக்குள் ஹைட்ரஜன். பால்மரம் பார்த்து வளர்ந்த நமக்கு அதுவே போதும், நின்று பார்க்க! நோர்வே துருவப் பயணி அமுண்ட்சென், கப்பலை வடிவமைத்த இத்தாலியர் நோபிலே உட்பட 16 பேர் அதில் மே 12 அன்று வட துருவத்தைக் கடந்து அலாஸ்காவில் இறங்கினார்கள்.

பிள்ளைகளுக்கு, நோபிலே தலைமையில் பறந்த இத்தாலியாவின் கதைதான் பிடிக்கும். துருவத்திலிருந்து திரும்பும்போது அது பனிக்கட்டியில் மோதியது. பிழைத்தவர்கள் ஒரு சிறிய ரேடியோவில் விடாமல் அழைக்க, ரஷ்யக் கிராமம் ஒன்றில் நிக்கோலாய் ஷ்மிட் என்ற அமெச்சூர் ரேடியோ ஆர்வலர் ஜூன் 3 அன்று அதைக் கேட்டார். 'க்ராசின்' என்ற பனி உடைக்கும் கப்பல் போய் மீட்டது. நோபிலேயோடு மனஸ்தாபத்தில் இருந்த அமுண்ட்செனும் தேடப் புறப்பட்டார். அவருடைய விமானம் திரும்பவே இல்லை.

அப்புறம், டிசம்பர் பள்ளி விடுமுறையில் போனால் சூரியனே வராது. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி பயம், வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.