பதில்: பாஸ்போர்ட்டில் 5 மாதம்தான் பாக்கி, கிளம்பலாமா?

விசா வந்துவிட்டது, பாஸ்போர்ட் இன்னும் 5 மாதம் செல்லும், அப்புறம் என்ன பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். பல நாடுகள் போய் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் இருந்தால் போதும். எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் அந்தத் தூதரகத்தின் தளத்தில் இன்றைக்கே பாருங்கள், நடுவில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் சேர்த்து. ஒரு நாள் குறைந்தாலும் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் உங்களைத் திருப்பிக் கூட்டி வரும் வேலை விமான நிறுவனத்தின் தலையில் விழும், அங்கே நின்று கெஞ்சிப் பயனில்லை. புதுப்பித்தால் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் பழையதில் உள்ள விசாவைச் சில நாடுகள் ஏற்கும், சில புதிதாக எடுக்கச் சொல்லும்.

எல்லா கார்டும் ஒரே பர்ஸில் என்றீர்களே, அது வேண்டவே வேண்டாம். ஒரு கார்டையும் கொஞ்சம் பணத்தையும் பாஸ்போர்ட் நகலோடு வேறு கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க்கும் கைப்பையில்தான், பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள். அங்கே ஏடிஎம் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் அநியாயம்.