மாடியிலிருந்து வரும் மெசேஜ்

அன்புள்ள ஐயா,
மகளுக்கு வயது 16. மாடியில் அவள், கீழே வளவில் நான். சண்டை மட்டும் வாட்ஸ்அப்பில். டியூஷன் முடிந்து வர ஏன் தாமதம் என்று கேட்டதற்கு ஒரு பக்கத்துக்குப் பதில் அடித்து அனுப்பினாள். நேரில் கேட்டால் வாயே திறப்பதில்லை. இப்போது ப்ளூ டிக்கையும் அணைத்துவிட்டாள். சிங்கப்பூரில் இருக்கும் அவள் அப்பச்சி (அப்பா) கோபத்தில் குடும்பக் குரூப்பிலேயே திட்டிப் போட்டுவிட்டார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோட்டையூர்

அன்புள்ள ஆச்சிக்கு,

ஒரு பக்கம் எழுதினாள் என்று வருந்துகிறீர்கள். எனக்கு அது நல்ல சேதியாகப் படுகிறது. மாடியில் உட்கார்ந்து எழுதும்போது ‘எதிர்த்தா பேசுற’ என்று நடுவில் யாரும் மறிக்க முடியாது. அதை மறுபடி படித்துப் பாருங்கள். தாமதத்துக்கான காரணம் எத்தனையாவது வரியில் வருகிறது? அதற்கு முன்னால் உள்ள வரிகள்தான் உங்களுக்கு எழுதியவை.

ப்ளூ டிக்கை விடுங்கள். 2014-இல் அது வந்ததிலிருந்தே ‘பார்த்துட்டும் பதில் போடலை’ என்பது வீட்டுக்கு வீடு வழக்காகிவிட்டது. அணைத்தவளுக்கும் நஷ்டம்தான், நீங்கள் பார்த்தீர்களா என்பது இனி அவளுக்கும் தெரியாது.

குரூப்பில் திட்டியதுதான் தப்பு. பங்காளிகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெண் என்ன பதில் சொல்லும்? அதை அழிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் சொச்சம் தாண்டிவிட்டால் எல்லோருக்குமாக அழிக்க முடியாது. அப்படியானால் ‘கோபத்தில் எழுதிவிட்டேன்’ என்று அதே குரூப்பில் ஒரு வரி போடட்டும். தனியாகச் சொன்னால் கணக்கு நேராகாது.

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. 70-களில் பினாங்கிலிருந்த தன் இளைய மகனுக்கு அவர் சொல்லச் சொல்ல நான்தான் ஏர்மெயில் தாளில் எழுதுவேன். திட்டு மழையாகக் கொட்டும். எழுதி முடித்ததும் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவார். மறுநாள், ‘அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதுப்பா’ என்பார். (தாள் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும்.) இரண்டாவது கடிதத்திலும் திட்டு இருக்கும். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்’ என்ற வரி மட்டும் இருக்காது.

உங்கள் கையில் இருப்பதும் அப்படி ஒரு தாள்தான். ராத்திரி அடித்ததை அனுப்பாமல் வையுங்கள், காலையில் பார்க்கலாம். டியூஷன் விஷயத்தை மட்டும் எழுத்தில் விடாதீர்கள். போனைக் கீழே வைத்துவிட்டு மாடி ஏறிப் போய்க் கேளுங்கள்.