ஓடி முடித்த குதிரை

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் மன்னார்குடி பக்கம். என் மாமா குதிரை வைத்திருக்கிறார். காணும் பொங்கலுக்கு, குதிரை வண்டிகள் ஓடும் திருக்கடையூர் எல்கைப் பந்தயத்தில் வருஷா வருஷம் ஓட்டுவார். இந்த முறை பந்தயம் முடிந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெங்களூரிலிருந்து வந்திருந்த என் அக்கா, "வாயில்லா ஜீவனைத் தார் ரோட்டுல அடிச்சு ஓட்டுறதுல என்ன மாமா பெருமை?" என்று கேட்டுவிட்டாள். மாமாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "கிண்டியில கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு லட்ச லட்சமா கட்டினானுங்களே, அப்ப எங்க போயிருந்தீங்க? நாங்க குதிரைக்குப் போட்டுட்டுதான் சாப்பிடுறோம்" என்றார். அப்புறம் அன்றைக்கு யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஊர்த் திருவிழாப் பந்தயத்தையும் பணக்காரர்களின் ரேஸையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவின் குதிரையே பெங்களூர் ரேஸில் ஓடிக் கழித்ததுதான். புரோக்கர் மூலம் வாங்கினார். அவர்கள் தள்ளிவிட்டதை நாங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பார். பொங்கலுக்குப் பிறகு அது முன்னங்கால் ஒன்றைச் சரியாக ஊன்றுவதில்லை. மஞ்சள் பத்து போட்டிருக்கிறார்.

பெயர் போட வேண்டாம் சார். மாமாவும் உங்களைப் படிப்பவர்தான்.

உங்கள் வாசகன்
மன்னார்குடி

*

அன்புள்ள தம்பி,

நியாயமெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கால்.

குதிரையைக் கெட்டியான தரையில் நேராக, மெதுவாக ஓடவிட்டு முன்னால் நின்று பாருங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை தாழும். எந்தக் கால் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து இரண்டு முன்குளம்புகளையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று. குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கத்து ஓரத்தில் விரலை வைத்தால் நாடி கிடைக்கும். நல்ல நிலையில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடாமலே தட்டினால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. புதிதாக அடிபட்ட காலுக்குச் சூடான பத்து கூடாது, குளிர்ந்த தண்ணீர்தான் வேண்டும். இதெல்லாம் டாக்டரிடம் போகும்வரைக்கும்தான். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு எட்டாத தூரமில்லை. நாளைக்கே ஏற்றிக்கொண்டு போங்கள். மாமாவிடம் நான் சொன்னதாகவும் சொல்லலாம்.

இவ்வளவு பதறுவதற்குக் காரணம் குதிரையின் காலே அப்படிப்பட்டது. முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, அதை இழுத்துப் பிடிக்கும் நாண்கள், மேலே தோல், அவ்வளவுதான். பந்தயக் குதிரை 450 முதல் 500 கிலோ இருக்கும். முழு வேகத்தில் பாயும்போது ஒரு கணம் மொத்த உடம்பும் ஒற்றை முன்னங்காலில் இறங்குகிறது. அந்தக் கணத்தில் அந்தக் கால் தாங்குவது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு. மூச்சைப் பாருங்கள், அதுவும் இப்படித்தான். குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான். பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று கட்டிப்போட்டதுபோல் போகும். ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது துடிக்கும் இதயம் இருநூறைத் தாண்டிவிடும். அந்த அழுத்தத்தில் நுரையீரலின் நுண்குழாய்கள் கசிவது பந்தயக் குதிரைகளிடம் சர்வசாதாரணம். அமெரிக்காவில் இதற்கென்றே பந்தய நாளில் மருந்து ஊசி போட்டு ஓடவிடுவது பல காலம் வழக்கமாக இருந்தது.

எலும்பு முறிந்தால் ஏன் கொல்கிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. மனிதனைப்போல் குதிரையால் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது. ஒரு காலைக் காப்பாற்றினால் எடை முழுக்க மற்ற கால்களுக்கு மாறி, அங்கே குளம்புக்குள் வீக்கம் கண்டு எலும்பே குளம்பை விட்டுப் பிரியும். 2006இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோ என்ற குதிரை அடுத்த பந்தயத்திலேயே பின்னங்காலை முறித்துக்கொண்டது. பணத்துக்கும் வைத்தியத்துக்கும் பஞ்சமில்லை. உலகத்தில் கிடைத்த நல்ல மருத்துவம் எல்லாம் பார்த்தார்கள். 2007 ஜனவரியில், முறியாத கால்கள் கெட்டுப்போனதால் கருணைக்கொலைதான் செய்ய வேண்டியிருந்தது.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். கிண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது சரியல்ல. கேட்டார்கள். ஆனால் குதிரைக்காகக் கேட்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் ரேஸைப் பற்றி நான் கேட்டு வளர்ந்த கதையெல்லாம் ஒரே கதைதான்: இன்ன ஊர் மிராசுதார் ரயிலேறிக் கிண்டிக்குப் போவார், வேலி வேலியாக நிலம் போனது, கடைசியில் வீட்டு உத்தரத்தையும் விற்றார்கள். ஓடிய குதிரை என்ன ஆனது என்று கதை சொன்ன ஒருவரும் சொன்னதில்லை. சட்டமும் அதே வழியில்தான் போனது. 1974இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயச் சூதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 1996இல் முடிந்தது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, திறமை ஆட்டம், அதனால் சூதாட்டத்தில் சேராது என்பது தீர்ப்பு. இருபது வருஷத்துக்கும் மேல் நடந்த வாதம் மனிதனின் மடியில் இருக்கும் பணத்தைப் பற்றியது. 2024 செப்டம்பரில் அரசு கிண்டி மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து இடத்தை எடுத்துக்கொண்டபோதும், டீக்கடையில் காதில் விழுந்ததெல்லாம் வாடகை பாக்கி, ஏக்கர் என்ன விலை, பூங்கா வருமா என்பதுதான். லாயத்தில் நிற்கும் குதிரைகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

சூதைப் பற்றிக் கவலைப்படுவது தப்பென்று சொல்லவில்லை. குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கவலை மட்டும் இருந்தால், பணம் கட்டாத பந்தயம் தானாகவே நல்ல பந்தயம் ஆகிவிடுகிறது. உங்கள் மாமா நிற்பது அங்கேதான்.

என் கணக்கு வேறு மாதிரி. ஒரு குதிரை நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வருஷம், சில சமயம் 30 வருஷம்கூட இருக்கும். ரேஸ் குதிரையின் ஓட்டம் பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் முடிந்துவிடும். மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பி 2400 மீட்டர், எல்லாம் சேர்த்து இரண்டரை நிமிஷ சமாச்சாரம். நாம் சண்டை போடுவது அந்த இரண்டரை நிமிஷத்தைப் பற்றி. மீதி இருபது வருஷத்துக்குப் பெயர் சொல்லி ஒரு ஆள் பொறுப்பேற்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், கிண்டியும் திருக்கடையூரும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

ஓட்டத்துக்கு முந்திய கதையும் நல்ல கதை இல்லை. நம் நாட்டு ரேஸ் உலகத்தில் எந்த மாதம் பிறந்த குட்டிக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். மார்ச்சில் பிறந்த குட்டிக்கு 21 மாதம் ஆனதுமே இரண்டு வயது என்று எழுதிவிடுவார்கள். முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து வயதுக்கு மேல் ஆகும். இளம் வயதில் அளவாக ஓடவிட்டால் எலும்பு உறுதியாகும் என்று ஆய்வுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அது திறந்த வெளியில் ஓடித் திரிவதற்குச் சரி. முதுகில் ஜாக்கியை ஏற்றி, பரிசுப் பணத்துக்கு முழு வேகத்தில் ஓடுவதற்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடக் கூடாது. ஓடாத நேரமெல்லாம் லாயம்தான், நாளின் பெரும்பகுதி நாலு சுவருக்குள். புல் மேய்ந்துகொண்டே நடக்கப் பிறந்த பிராணிக்குத் தானியத்தைப் போட்டுக் கட்டிவைத்தால் வயிற்றில் புண் வராமல் என்ன செய்யும்? பந்தயத்துக்குத் தயாராகும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் புண் உண்டு.

சாட்டை விஷயத்தில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. குதிரைத் தோல் தடிப்பு, உறைக்காது என்பார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். வலியை உணரும் மேல்தோலின் தடிமனிலும் நரம்பு முனைகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நார்வேயில் 1982லேயே சாட்டையைத் தடுத்தார்கள். அங்கே இன்னும் பந்தயம் நடக்கிறது, ஒருவர் முதலாவதாகத்தான் வருகிறார்.

கட்டுப்பாடு வைத்தால் மாற்றம் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் கலிபோர்னியாவின் சான்டா அனிடா மைதானத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்து, அமெரிக்காவே கொந்தளித்தது. அதன் பிறகு நாடு தழுவிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் மைதானங்களில் 2023இல் ஆயிரம் ஓட்டத்துக்கு 1.23 குதிரைகள் இறந்தன, 2024இல் அது 0.90. எண்ணி வெளியே சொன்னதால்தான் குறைக்க முடிந்தது. நம் ரேஸ் கிளப்புகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இந்தக் கணக்குதான்.

குதிரையைத் தீர்ந்துபோகும் சரக்காகப் பார்ப்பது இங்கே பழைய வியாபாரம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அரசர்கள் வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் கப்பலில் வரவழைப்பார்களாம், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லையாம். வியாபாரிகள் குதிரை வைத்தியர்களை வேண்டுமென்றே இங்கே வரவிடவில்லை என்றும் சொல்கிறார். செத்தால்தானே அடுத்த வருஷம் விற்கலாம்! அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர்தான், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வியாபாரக் கணக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இப்போது, "நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்ற பேச்சு. பாதி உண்மை. பெங்களூரில் தோற்ற குதிரைக்கு லாய வாடகை, தீனி, பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரன் சம்பளம் எல்லாம் தண்டச் செலவு. மாமா மாதிரி ஒருவர் வாங்கிக்கொண்டால் அந்த முதலாளிக்குச் செலவும் போகிறது, மனசாட்சியும் லேசாகிறது. அடுத்த வருஷம் இன்னொன்றைத் தள்ளிவிட வழி திறந்தே இருக்கிறது. சரி, அதற்காக மாமா வாங்காமல் இருந்திருந்தால் அந்தக் குதிரைக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், இதைவிட மோசமாகத்தான் ஆகியிருக்கும். அதனால் வாங்கியதைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான்: இது இனி ஓடவே ஓடாது என்று ஒரத்தநாட்டில் சொல்லிவிட்டால், வைத்துச் சோறு போடுவாரா? இல்லை மறுபடி புரோக்கரைக் கூப்பிடுவாரா? அடுத்தது மாப்பிள்ளை ஊர்வலம், அதற்கடுத்தது கடற்கரைச் சவாரி. அதற்கும் அடுத்தது என்னவென்று புரோக்கர்கள் சொல்வதில்லை.

திருக்கடையூரில் கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரித்து ஓட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. சின்னதைப் பெரியதோடு மோதவிடுவதில்லை. வீட்டுப் பிள்ளைகள் கையால் கொள்ளு தின்ற குதிரைகள், ஊர்ப் பெயரோடு மைக்கில் சொல்லப்படுகிற குதிரைகள். ரேஸ் லாயத்தில் இந்த உறவு அபூர்வம். ஆனால் உங்கள் அக்கா சொன்ன தார் ரோட்டை மாமாவால் தட்டிக்கழிக்க முடியாது. இரும்பு லாடம் தாரில் விழும் ஒவ்வொரு அடியும் நேராக எலும்புக்குப் போகிறது. பின்னாலேயே பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு விரட்டிப் போகும் பையன்கள் வேறு. ஓடி நுரைதள்ளி நிற்கும் குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதையும் விடச் சொல்லுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையில் குதிரைகள் போட்டி போட வேண்டியிருந்ததால் இதை நன்றாக ஆராய்ந்தார்கள். உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதும் குடிக்கக் கொடுப்பதும்தான் குதிரையைக் காப்பாற்றுகிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள். ஜல்லிக்கட்டுக்காக 2017இல் தமிழ்நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் காளைகளுக்கானது, குதிரைக்கு அதில் இடமில்லை. அந்தச் சட்டமே 1960இல் வந்தது. அடித்தாலோ, சக்திக்கு மீறி ஓட்டினாலோ முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசு.

என் முடிவைக் கேட்டால், இரண்டு வயதுக் குதிரையை ஓட்டுவதையும் சாட்டையையும் நிறுத்தாத ரேஸை மூடிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. எல்கைப் பந்தயத்தை மூடச் சொல்ல மாட்டேன். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும், நொண்டும் குதிரையை எல்கையில் நிறுத்தவே விடக் கூடாது, சாரதி கையில் சாட்டை கூடாது, பைக்குகள் பின்னால் வரக் கூடாது. முடிந்த இடத்தில் தாரை விட்டு மண் பாதைக்கு மாற்ற வேண்டும். வருஷா வருஷம் ஓட்டுகிறவர் சொன்னால் விழாக் குழுவில் காதுகொடுத்துக் கேட்பார்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசச் சொல்லுங்கள்.